மூலக்கூறுக்கு வழி கண்டவர்கள்

1964ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஜெரோம் ஹார்விட்ஸ் என்ற வேதியியலாளர் ஒரு புதிய பொருளைச் செய்தார். புற்றுநோய்க்கு மருந்தாகும் என்பது அவர் போட்ட கணக்கு. ரத்தப் புற்றுநோய் வந்த எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் பலனில்லை. காப்புரிமை வாங்கும் அளவுக்குக்கூட அதில் ஒன்றும் இல்லை என்று விட்டுவிட்டார். அந்தப் பொருளின் பெயர் அசிடோதைமிடின். இருபது ஆண்டுகள் கழித்து ஏ.இசட்.டி. என்ற சுருக்கப் பெயரோடு அது உலகத்தின் வாயில் விழுந்தது. எய்ட்ஸ் நோய்க்குக் கிடைத்த முதல் மருந்து அதுதான்.

ஹார்விட்ஸ் அதைக் கைவிட்ட அதே அறுபதுகளில், புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் குண்டூர்க்கார இளைஞர் ஒருவர் அரக்கின் சிவப்பு எதனால் ஆனது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். அல்லா வெங்கட ராமராவ், 1935 ஏப்ரல் 2 அன்று பிறந்தவர். பம்பாய் மாட்டுங்காவில் இருந்த வேதித் தொழில்நுட்பத் துறையில் மருந்து வேதியியல் படித்துவிட்டு முனைவர் பட்டத்துக்காகப் புனே வந்திருந்தார். வைரஸ் என்ற சொல்லுக்கே அவருடைய ஆய்வேட்டில் வேலை இல்லை. ஆனால் ஹார்விட்ஸின் மூலக்கூறை இந்தியாவில் மலிவாகச் செய்வதற்குப் பின்னாளில் வழி கண்டவர் இவர்தான். அதைச் செய்த இடம் ஹைதராபாத்.

மருந்து பிறந்த கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் மூலக்கூறைக் கண்டுபிடித்தவரோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்த மூலக்கூறை ஆயிரம் கிலோவாக, ஒரே தரத்தில், யாரும் சாகாமல், கட்டுப்படியாகும் விலையில் செய்ய ஒருவர் வழி காண வேண்டும். அதுவரை அது ஆய்வுக் கட்டுரையில் இருக்கும் ஒரு படம் மட்டுமே. இந்த இரண்டாவது வேலையில் கடந்த நாற்பது ஆண்டுகளாக உலகத்தில் முன்வரிசையில் நிற்கும் ஊர்களில் ஹைதராபாத் ஒன்று. அந்தத் திறமை தண்ணீரிலோ மண்ணிலோ வந்ததல்ல. ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு, ஆய்வுக்கூட மேசையில் பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்து வந்தது.

புனேயில் ராமராவின் கைடு கே. வெங்கட்ராமன். 1901இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படித்து, 1923இல் மான்செஸ்டர் போய் ராபர்ட் ராபின்சனிடம் வேதியியல் கற்றவர். எம்.எஸ்சி. மாணவர்கள் தேர்வுக்கு உருப்போடும் பேக்கர்–வெங்கட்ராமன் வினையில் இருக்கும் வெங்கட்ராமன் இவரே. செயற்கைச் சாயங்களைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் உலகம் முழுக்கச் சாயத் தொழிற்சாலைகளின் அலமாரியில் இருந்தது. தேசிய வேதியியல் ஆய்வகத்துக்கு 1957இல் முதல் இந்திய இயக்குநராக வந்தார். அவருடைய குழுவில் அரக்குப் பூச்சியின் சிவப்பும் பலா மரத்து வைரத்தின் மஞ்சளும் ஒரே மேசையில் ஆராயப்பட்டன. இயற்கை கொடுத்த ஒரு கலவையைத் துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டின் அமைப்பையும் காகிதத்தில் வரையும் பயிற்சி அது. மருந்து செய்யப்போகிறவருக்கு இதைவிட நல்ல அரிச்சுவடி கிடைப்பது கடினம்.

இந்தக் குரு பரம்பரையில் ஒரு வேடிக்கை உண்டு. வெங்கட்ராமனின் ஆசிரியர் ராபின்சன் 1947இல் நோபல் பரிசு பெற்றார். அதே ராபின்சனிடம் ஆக்ஸ்போர்டில் படித்த இன்னொரு மாணவர் அலெக்சாண்டர் டாட். டி.என்.ஏ.வின் கட்டுமான அலகுகளான நியூக்ளியோடைடுகளை ஆராய்ந்ததற்காக 1957இல் டாட்டுக்கும் நோபல் கிடைத்தது. கேம்பிரிட்ஜில் டாட்டிடம் முனைவர் பட்டம் பெற்றவர் யூசுப் ஹமீது, பின்னாளில் சிப்லா நிறுவனத்தின் தலைவர். ஆக, ஏ.இசட்.டி.யைச் செய்ய வழி கண்ட ராமராவும் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்த ஹமீதும் ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள். மருந்தோ டாட் ஆராய்ந்த குடும்பத்தைச் சேர்ந்தது.

எழுபதுகளின் நடுவில் ராமராவ் ஹார்வர்டுக்குப் போய் ஈ.ஜே. கோரியின் குழுவில் சேர்ந்தார். கோரி சொல்லிக்கொடுத்த முறை இன்று எல்லா வேதியியல் ஆய்வுக்கூடங்களிலும் மூச்சுப்போல ஆகிவிட்டது. செய்ய வேண்டிய மூலக்கூறை முதலில் வரைந்துகொள். அதில் எந்தப் பிணைப்பை வெட்டினால் எளிய இரண்டு துண்டுகள் கிடைக்கும் என்று பார். அந்தத் துண்டுகளையும் வெட்டு. கடையில் வாங்கக்கூடிய பொருள் வரும்வரை பின்னோக்கிப் போ. பிறகு அதே வழியில் முன்னோக்கி வா. இதற்காக 1990இல் கோரிக்கு நோபல் கொடுத்தார்கள்.

பின்னோக்கி வெட்டுவதில் ஏன் இவ்வளவு கவனம் வேண்டும் என்பதைச் சின்னக் கணக்கு சொல்லிவிடும். ஒரு மருந்துக்குப் பத்துப் படிகள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு படியிலும் 80 சதவீதம் ஈல்டு, அதாவது விளைபொருள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. பத்துப் படி ஏறி முடித்ததும் கையில் மிஞ்சுவது 11 சதவீதம்கூட இல்லை. ஒவ்வொரு படியையும் 90 சதவீதமாக்கினால் 35 சதவீதம் மிஞ்சும். அதாவது அதே மூலப்பொருளில் மூன்று மடங்குக்கும் மேல் மருந்து. இரண்டு படிகளைக் குறைத்துவிட்டால் இன்னும் கூடும். விலை என்று நாம் மருந்துக்கடையில் கொடுப்பதன் ஒரு பெரும்பகுதி இந்தப் பெருக்கல் கணக்கில்தான் ஒளிந்திருக்கிறது.

புனே திரும்பிய ராமராவ் கைவைத்தவற்றில் நம் வீட்டு வாசலில் பூக்கும் செடி ஒன்றும் உண்டு. நித்தியகல்யாணி. அதன் இலையில் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் மிகமிகக் குறைந்த அளவில் இருக்கின்றன. தென் தமிழ்நாட்டின் வறண்ட நிலங்களில் விளைந்த இலை வெளிநாடு போய் மருந்தாகி, தங்கத்தின் விலையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. டன் கணக்கான இலையில் இருந்து கிராம் கணக்கான மருந்தைப் பிரிக்கும் முறையை ராமராவ் குழு உருவாக்க, சிப்லா அதை எடுத்துக்கொண்டது. ஆய்வகமும் அந்த நிறுவனமும் ஒருவரையொருவர் நம்பத் தொடங்கியது இங்கேதான்.

1985இல் அவர் ஹைதராபாத் தார்நாகாவில் இருந்த வட்டார ஆய்வகத்தின் இயக்குநரானார். நிஜாம் ஆட்சியில் 1944இல் தொடங்கிய ஆய்வுக்கூடம் அது. 1989இல் இந்திய வேதித் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக ஐ.ஐ.சி.டி., என்று பெயர் மாறியது. ஊரின் மறுமூலையில் பாலாநகரில், சோவியத் உதவியோடு அறுபதுகளில் எழுந்த அரசு மருந்துத் தொழிற்சாலை ஐ.டி.பி.எல். ஏற்கனவே ஒரு தலைமுறை வேதியியலாளர்களை உருவாக்கிவிட்டிருந்தது. அங்கே வேலை பார்த்துவிட்டு வெளியே வந்த அஞ்சி ரெட்டி 1984இல் டாக்டர் ரெட்டீஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். ஆய்வகம், தொழிற்சாலை, துணிந்து கடன் வாங்கும் முதலாளிகள் என மூன்றும் ஒரே ஊரில் சேர்ந்த நேரம் அது.

அந்த நேரத்தில்தான் எச்.ஐ.வி. இந்தியாவுக்குள் இருப்பது தெரியவந்தது. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மாணவி செல்லப்பன் நிர்மலா, தம் கைடு சுனிதி சாலமன் சொன்னபடி ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தபோது சிலவற்றில் கிருமி இருந்தது. நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகள் அவையே. அடுத்த ஆண்டு, 1987 மார்ச் 19 அன்று, அமெரிக்கா ஏ.இசட்.டி.யை அனுமதித்தது. ஒரு நோயாளிக்கு ஓராண்டுச் செலவு 8,000 முதல் 10,000 டாலர். சென்னையில் தொற்று இருப்பது தெரியவந்தவர்களுக்கு அந்த மருந்தின் பெயர்கூட எட்டாத தூரம்.

வைரஸுக்கு மருந்து செய்வது பாக்டீரியாவுக்குச் செய்வதைவிடச் சிக்கலானது. பாக்டீரியாவுக்குச் சொந்தமாகச் சுவரும் இயந்திரங்களும் உண்டு. அவற்றை உடைக்கலாம், நம் செல்லுக்குப் பாதிப்பில்லை. வைரஸுக்குச் சொந்தம் என்று அதிகம் கிடையாது. நம் செல்லுக்குள் புகுந்து நம் இயந்திரங்களைக் கொண்டே தன்னைப் பெருக்கிக்கொள்கிறது. அதைக் கொல்லப் போனால் நம்மையும் சேர்த்துக் கொல்ல நேரும். எனவே வைரஸிடம் மட்டும் இருக்கும் ஏதாவது ஒரு நொதியைத் தேடிப் பிடிக்க வேண்டும். எச்.ஐ.வி.யிடம் அப்படி ஒன்று இருக்கிறது. தன் ஆர்.என்.ஏ.யை டி.என்.ஏ.வாக மாற்றி எழுதும் நொதி. இந்த வகை நொதியை டெமினும் பால்டிமோரும் 1970இலேயே கண்டுபிடித்திருந்தார்கள்.

டி.என்.ஏ. என்பது ஒரு ரயில். ஒவ்வொரு பெட்டிக்கும் பின்னால் ஒரு கொக்கி. அடுத்த பெட்டி அதில் மாட்டும். தைமிடின் என்பது அத்தகைய ஒரு பெட்டி. அதன் சர்க்கரைப் பகுதியில் மூன்றாம் இடத்தில் உள்ள ஹைட்ராக்சில்தான் கொக்கி. ஹார்விட்ஸ் அந்தக் கொக்கியைக் கழற்றி, அங்கே மூன்று நைட்ரஜன் அணுக்கள் வரிசையாக நிற்கும் அசைடு என்ற தொகுதியை வைத்தார். வைரஸின் நொதி இதையும் தைமிடின் என்றே எண்ணி எடுத்து மாட்டுகிறது. அடுத்த பெட்டி மாட்ட இடமில்லை. சங்கிலி அங்கேயே நின்றுபோகிறது. நம் செல்லின் நொதிகள் அவ்வளவு எளிதில் ஏமாறுவதில்லை. ஏமாறவே ஏமாறாது என்றும் சொல்ல முடியாது, ஏ.இசட்.டி. சாப்பிட்டவர்களுக்கு ரத்தசோகையும் தசைத் தளர்ச்சியும் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

காகிதத்தில் மாற்றம் இவ்வளவுதான்: ஒரு தொகுதியை எடுத்துவிட்டு இன்னொன்றை வைப்பது. குடுவையில் அது அவ்வளவு சாதுவாக நடப்பதில்லை.

முதல் தடை, திசை. ஹைட்ராக்சில் சர்க்கரை வளையத்தின் கீழ்ப்பக்கம் இருக்கிறது. அசைடும் கீழ்ப்பக்கமே உட்கார வேண்டும். மேலே உட்கார்ந்தால் அது மருந்தல்ல. ஆனால் அசைடு நேரே வந்து ஹைட்ராக்சிலை வெளியேற்றும்போது எப்போதும் எதிர்ப்பக்கத்தில் இருந்துதான் தாக்கும்; ஆக மேலே போய் உட்காரும். இதற்கு விடை, இரண்டு முறை புரட்டுவது. முதலில் மூலக்கூறின் இன்னொரு பகுதியையே வளைத்து மேலிருந்து தாக்கச் செய்து ஒரு தற்காலிகப் பாலம் கட்ட வேண்டும். பிறகு அசைடு கீழிருந்து வந்து அந்தப் பாலத்தை உடைக்கும். இருமுறை திரும்பியதும் பழைய திசை கிடைத்துவிடும். இதைப் புரிந்துகொண்டு முதன்முறை காகிதத்தில் வரையும் மாணவரின் முகத்தில் வரும் வெளிச்சத்துக்காகவே இந்தப் பாடத்தை நடத்தலாம்.

இரண்டாவது தடை, தைமிடின். தொடக்க காலத்தில் அதற்கு மூலம் சால்மன், ஹெர்ரிங் மீன்களின் விந்தில் இருந்து எடுத்த டி.என்.ஏ. உலகம் முழுக்க எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து தர அத்தனை மீனுக்கு எங்கே போவது? வேதியியல் வழியாகவே அதைக் கட்டியாக வேண்டும்.

மூன்றாவது, உயிர் பயம். சோடியம் அசைடு கொடிய நஞ்சு. அதில் அமிலம் பட்டால் வெடிக்கும் தன்மையுள்ள நச்சு ஆவி கிளம்பும். செப்பு, ஈயக் குழாய்களில் பட்டால் தட்டினாலே வெடிக்கும் உப்பாகிவிடும். ஆய்வுக்கூடங்களில் சாதாரணமாகப் புழங்கும் டைகுளோரோமீத்தேன் கரைப்பானோடு சேர்ந்தாலும் வெடிபொருள் உருவாகும். ஒரு கிராம் செய்யும்போது பிழை நடந்தால் குடுவை உடையும். நூறு கிலோ செய்யும்போது நடந்தால் கட்டடம் போகும். எந்தக் கரைப்பான், எந்த வெப்பம், எந்த உலோகத்தில் கலன், கழிவை எப்படி அடக்குவது என்பதெல்லாம் ஆய்வுக் கட்டுரையில் ஒரு வரியாகக்கூட வராது. ஆனால் தொழிற்சாலையில் அதுதான் வேதியியல்.

நான்காவது தடை சட்டம். அன்றைய இந்தியாவில் அது தடையாக இல்லை. அதற்கும் ஒரு தமிழருக்கு நன்றி சொல்ல வேண்டும். நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் கொடுத்த அறிக்கையின் அடிப்படையில் எழுந்த 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டம், மருந்து என்ற பொருளுக்குக் காப்புரிமை இல்லை, அதைச் செய்யும் முறைக்கு மட்டுமே உண்டு என்றது. ஒருவர் போன வழியில் போகாமல் வேறு வழியில் அதே மருந்துக்குப் போய்ச் சேர்ந்தால் குற்றமில்லை. இந்த ஒரு விதி, மாற்று வழி கண்டுபிடிப்பதையே நாட்டு வேதியியலாளர்களின் தொழிலாக்கியது. இது திருட்டு என்று மேல்நாட்டு நிறுவனங்கள் சொல்லிவந்தன. ஆனால் அந்த நாடுகளில் பலவும் தங்கள் மருந்துத் தொழில் வளரும் காலத்தில் இதே விதியை வைத்திருந்தவைதான்.

ஐ.ஐ.சி.டி.யில் ராமராவ் குழு ஏ.இசட்.டி.க்குத் தன் வழியைக் கண்டது. சிப்லா 1993இல் அதைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. ஒரு நாளைக்கு 2 டாலருக்கும் குறைந்த செலவு. வெளியுலக விலையில் ஒரு சிறு பங்கு. கதை இங்கே வெற்றியில் முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். மருந்து விற்கவில்லை. நாளைக்கு அறுபது ரூபாய் என்பது அன்றைய கூலிக்காரருக்கு முழு நாள் சம்பளம். நோயைத் தடுக்கவும் கண்டறியவும் மட்டுமே பணம் இருக்கிறது, சிகிச்சைக்கு இல்லை என்று அரசு தரப்பு கைவிரித்தது. போதாக்குறைக்கு, ஏ.இசட்.டி.யை மட்டும் தனியாகக் கொடுத்தால் சில மாதங்களில் வைரஸ் உருமாறித் தப்பித்துக்கொள்கிறது என்பதும் தெளிவாகிவிட்டிருந்தது.

1996இல் விடை வந்தது: மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுங்கள், வைரஸால் மூன்றிடமும் ஒரே நேரத்தில் தப்ப முடியாது. மேல்நாட்டு விலையில் மூன்றுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 10,000 முதல் 15,000 டாலர். 2001 பிப்ரவரியில் ஹமீது மூன்றையும் சேர்த்து, எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு ஆண்டுக்கு 350 டாலர், அதாவது நாளைக்கு 1 டாலருக்கும் குறைவாகத் தருவதாக அறிவித்தார். ஆப்பிரிக்காவின் கதையையே மாற்றிய விலை அது. 2004 ஏப்ரல் 1 அன்று இந்திய அரசு இலவசக் கூட்டுச் சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களில் ஒன்று தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை. அங்கே வரிசையில் நின்றவர்களின் கையில் விழுந்த மாத்திரைக்குப் பின்னால் தார்நாகாவில் தொடங்கிய ஒரு பழக்கம் இருந்தது.

அந்தப் பழக்கத்தை உருவாக்கியது வகுப்பறை அல்ல. ராமராவிடம் முனைவர் பட்டம் பெற்றவர்கள் நூற்றுக்கும் மேல். அவர்கள் ஐந்தாறு ஆண்டு படித்த படிப்பு எப்படி இருக்கும் என்பது இத்துறையில் காலடி வைத்த எவருக்கும் தெரியும். காலையில் வினையைப் போட்டுவிட்டு, மணிக்கொரு தரம் டி.எல்.சி. தட்டில் பொட்டு வைத்து, அயோடின் ஜாடிக்குள் காட்டி, தொடக்கப் பொருளின் ஸ்பாட் மறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். மறையாது. வெப்பத்தைக் கூட்ட வேண்டும். மறைந்தால் பக்கத்தில் புதிதாக நான்கு ஸ்பாட் முளைத்திருக்கும். சிலிக்கா நிரப்பிய குழாயில் அவற்றைப் பிரித்து, ரோட்டாவேப்பரில் கரைப்பானை ஆவியாக்கி நீக்கி, கிடைத்த பிசினை அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவிக்கு அனுப்பினால், நேற்று நினைத்த பொருள் அல்ல என்று வரும். மறுநாள் கைடு கேட்பது ஒரே கேள்வி: ஏன்? இதற்கு நேர்மையாகப் பதில் சொல்லப் பழகியவர் எந்தத் தொழிற்சாலையிலும் பிழைத்துக்கொள்வார்.

மருந்துத் தொழிலுக்கு உடனே பயன்படாத வேலையையும் ராமராவ் மாணவர்களிடம் கொடுத்தார் என்பது முக்கியம். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக், வேதியியலாளர்களின் இமயமலைகளில் ஒன்று. அதை முழுவதுமாகக் கட்டும் முயற்சியில் தார்நாகாக் குழு ஆண்டுக்கணக்கில் இறங்கியது. உலகெங்கும் நடந்த வேலையோடு சேர்த்து 1995இல் அவரும் எம்.கே. குர்ஜரும் சக ஆய்வாளர்களும் ஒரு பெரிய மதிப்பாய்வுக் கட்டுரையை வெளியிட்டார்கள். சிகரத்தை முதலில் தொட்டது அமெரிக்கக் குழுக்கள்தான், தொண்ணூறுகளின் கடைசியில். ஆனால் அந்த ஏற்றத்தில் பழகிய கைகளுக்கு மற்ற மருந்துகள் சமதளமாகத் தெரிந்தன. அதே 1995இல் இயக்குநர் பதவியை விட்டு வெளியே வந்த ராமராவ், ஆவ்ரா என்ற சொந்த ஆய்வுக்கூடத்தைத் தொடங்கினார். 1991இல் பத்மஸ்ரீயும் 2016இல் பத்மபூஷணும் கிடைத்தன.

பறவைக் காய்ச்சல் பீதி உலகைப் பிடித்த 2005இல் ஹைதராபாத்தின் பெயர் மறுபடி அடிபட்டது. டாமிஃப்ளூ என்ற ஓசல்டமிவிர் மாத்திரைக்குத் திடீர்த் தட்டுப்பாடு. அதைச் செய்யத் தேவையான ஷிகிமிக் அமிலம் பிரியாணிக்குப் போடும் அன்னாசிப்பூவில் இருந்து கிடைக்கிறது. அந்த ஆண்டு இறுதியில் ரோஷ் நிறுவனம் ஹைதராபாத்தின் ஹெட்டரோவுக்கு உற்பத்தி உரிமம் கொடுத்தது. ஓசல்டமிவிரின் தொழிற்சாலை முறையிலும் அதே அசைடு, அதே வெடி ஆபத்து. மறு ஆண்டே, எழுபத்தெட்டு வயது நெருங்கிய கோரி ஹார்வர்டில் இருந்து அன்னாசிப்பூவும் வேண்டாம், அசைடும் வேண்டாம் என்று ஒரு புதிய வழியை வெளியிட்டார். காப்புரிமை வாங்காமல் எல்லோருக்கும் பொதுவாக விட்டுவிட்டார். ராமராவின் ஆசிரியர் வேறு எப்படி நடந்துகொள்வார் என்று கேட்கத் தோன்றுகிறது.

2020இல் கொரோனா வந்தபோது ஐ.ஐ.சி.டி.யின் இயக்குநர் ஸ்ரீவாரி சந்திரசேகர். அதே தார்நாகாவில் ராமராவிடம் முனைவர் பட்டம் பெற்றவர். ஊரடங்கில் மூலப்பொருள் கிடைப்பதே திண்டாட்டமாக இருந்த வேளையில் அவர்கள் இரண்டு மருந்துகளை எடுத்துக்கொண்டார்கள். ஃபவிபிராவிர், ஜப்பானின் டோயாமா நிறுவனம் இன்ஃப்ளுயன்சாவுக்காகக் கண்டுபிடித்தது. இதற்கான செய்முறையை உருவாக்கிச் சிப்லாவுக்கு மாற்றிக்கொடுத்தார்கள். இன்னொன்று அமெரிக்காவின் கிலியட் நிறுவனத்தின் ரெம்டெசிவிர். அதன் முக்கியமான தொடக்கப் பொருள்களை உள்நாட்டிலேயே செய்து காட்டினார்கள்.

ரெம்டெசிவிர் ஏ.இசட்.டி.யின் தூரத்து உறவு, ஆனால் நெளிவு சுளிவு அதிகம். கொரோனா வைரஸிடம் தப்பாக மாட்டிய அலகைக் கண்டுபிடித்து வெட்டி எறியும் திருத்தி நொதி ஒன்று இருக்கிறது. போலி அலகு சேர்ந்த உடனே சங்கிலி நின்றால் திருத்தி விழித்துக்கொள்ளும். ரெம்டெசிவிர் சேர்ந்த பிறகு மேலும் மூன்று அலகுகள் சேரும்வரை ஒன்றும் நடக்காது, பிறகுதான் அடைப்பு. இன்னொரு தந்திரம், செல்லுக்குள் நுழைவதற்காக அதன் பாஸ்பேட் தலைக்குப் போட்ட முக்காடு. கார்டிஃப் நகரின் கிறிஸ் மெக்குய்கன் வகுத்துக்கொடுத்த உத்தி அது. கட்டுவதற்கு இது ஏ.இசட்.டி.யைவிடப் பல மடங்கு கடினம். 2020 மே மாதம் கிலியட் உரிமம் கொடுத்தது. ஜூன் இறுதிக்குள் ஹெட்டரோவின் முதல் குப்பிகள் தமிழ்நாடு உட்படப் பல மாநிலங்களுக்குப் புறப்பட்டுவிட்டன. ஒரு குப்பி 5,400 ரூபாய். ஒன்றரை மாதத்துக்குள் இதைச் செய்ய ஒரு ஊரில் எத்தனை பழகிய கைகள் இருந்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

அதே மருந்தின் மறுபக்கத்தையும் சொல்லியாக வேண்டும். 2020 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனத்தின் பெருஞ்சோதனை, மருத்துவமனையில் சேர்ந்த நோயாளிகளின் இறப்பை ரெம்டெசிவிர் பெரிதாகக் குறைக்கவில்லை என்று கண்டது. இருந்தும் 2021 இரண்டாம் அலையில் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியின் வாசலில் அந்தக் குப்பிக்காக இரவெல்லாம் மக்கள் வரிசையில் நின்றார்கள். கள்ளச்சந்தையில் நகையை விற்று வாங்கினார்கள். ஃபவிபிராவிருக்கும் பின்னால் வந்த சோதனைகள் கைகொடுக்கவில்லை. வேதியியலாளர்கள் தங்கள் பங்கைப் பிசகாமல் செய்தார்கள். ஆனால் அவர்கள் கையில் வந்தது பிறர் வேறு நோய்களுக்காக வரைந்த மூலக்கூறுகள். பிறர் வரைந்ததை எவ்வளவு அழகாகச் செய்தாலும் அது நம் நோய்க்குப் பொருந்தும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

வரைவது வேறு விதமான உழைப்பு. ஓசல்டமிவிரின் முன்கதையைப் பார்த்தால் புரியும். 1983இல் ஆஸ்திரேலியாவில் பீட்டர் கோல்மன், ஜோஸ் வர்கீஸ் குழு, இன்ஃப்ளுயன்சா வைரஸின் நியூராமினிடேஸ் நொதியை எக்ஸ்-கதிர் கொண்டு அணு அணுவாகப் படம் பிடித்தது. நொதியின் பள்ளத்தில் எந்த இடம் வைரஸ் உருமாறினாலும் மாறாதது என்று தெரிந்ததும், அங்கே கச்சிதமாக உட்காரும் மூலக்கூறை மார்க் வான் இட்ஸ்டைன் குழு வரைந்தது. அதை வாயால் உள்ளிழுக்க வேண்டியிருந்தது. விழுங்கும் மாத்திரையாக்க கிலியட் நிறுவனத்தில் சூங் கிம் குழு வேறொரு வடிவம் தேடியது. 1999இல் ஓசல்டமிவிர் அனுமதி பெற்றது. பதினாறு ஆண்டுகள், படிகவியலாளர், வேதியியலாளர், வைரஸ் ஆய்வாளர் என மூன்று தரப்பு. ஒருவர் செய்த மூலக்கூறை மற்றவர் அடுத்த வாரமே சோதித்துச் சொல்ல, அதைக் கேட்டு இவர் ஓரணுவை மாற்ற, மறுபடி சோதனை. இந்தச் சுழற்சி எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அவ்வளவு சீக்கிரம் மருந்து வரும்.

இன்று ஹைதராபாத்தில் வைரஸ் மருந்து ஆய்வுக்கு வரும் இளைஞருக்குக் கதவுகள் பல. நெட் தேர்வெழுதி ஐ.ஐ.சி.டி. போகலாம். 2007இல் பாலாநகரின் பழைய ஐ.டி.பி.எல். வளாகத்தில் தொடங்கிய நைப்பர் கல்வி நிறுவனத்தில் மருந்து வேதியியல் படிக்கலாம். கணினித் திரையில் நொதியின் பள்ளத்துக்குள் ஆயிரம் மூலக்கூறுகளை ஒரே இரவில் பொருத்திப் பார்க்கலாம். இந்தக் கடைசி வசதிதான் ஒரு கண்ணியும்கூட. திரையில் நன்றாகப் பொருந்தியது என்று ஒரு கட்டுரையை எழுதி, பட்டத்தையும் வாங்கி, அந்த மூலக்கூறை யாரும் ஒருபோதும் செய்யாமலும் உயிருள்ள வைரஸின்மீது சோதிக்காமலும் விட்டுவிட முடிகிறது. கொரோனா காலத்தில் நாடு முழுக்க இப்படிப்பட்ட கட்டுரைகள் குவிந்தன. மருந்தாக எதுவும் வரவில்லை.

ஏ.இசட்.டி., ஓசல்டமிவிர், ஃபவிபிராவிர், ரெம்டெசிவிர். நான்குக்கும் ஹைதராபாத்தின் வேதியியலாளர்கள் கைகொடுத்திருக்கிறார்கள். நான்கில் ஒன்றுகூட ஹைதராபாத்தில் வரைந்த மூலக்கூறு அல்ல. 2005க்குப் பிறகு மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்துவிட்டதால், மாற்று வழி காணும் திறமை ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு அடுத்த நாற்பது ஆண்டை ஓட்ட முடியாது.

தார்நாகாவில் ஐ.ஐ.சி.டி.யை ஒட்டியே இருக்கிறது செல், மூலக்கூறு உயிரியல் மையமான சி.சி.எம்.பி. 2020 மே மாதத்திலேயே கொரோனா வைரஸை ஆய்வுக்கூடத்தில் வளர்த்து, மருந்துகளைச் சோதிக்கத் தயாரான நிறுவனம் அது. ஒரு வளாகத்தில் மூலக்கூறு செய்கிறார்கள். பக்கத்து வளாகத்தில் வைரஸ் வளர்க்கிறார்கள். வைரஸ் மருந்தில் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யும் ஒவ்வொரு மாணவருக்கும் இரண்டு வளாகத்திலும் ஒவ்வொரு கைடு என்று ஒரு விதி எழுதுங்கள். திரையில் வரைந்ததைக் கையால் செய்து, செய்ததை வைரஸின்மீது சோதித்த பிறகே ஆய்வேட்டைக் கையில் வாங்குங்கள். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம்.